இரண்டு நிறத்தில் என் முகம்

திரையில் இருந்த பட்டையை இடது பக்கம் இழுத்ததும் என் இடது கண் போய்விட்டது.

வலது பக்கம் தள்ளிப் பார்த்தேன். கண் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக மீசை நீண்டது. இரண்டு கன்னங்களிலும் ஏறி, காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. திரையில் இருந்தவன் என்னைப் பார்த்தான். எதை வைத்துப் பார்த்தான் என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் என்னையும் கம்ப்யூட்டரையும் தவிர யாரும் இல்லை. பட்டப்பகல். தகரக் கூரை வெயிலில் அவ்வப்போது சொடக்குப் போட்டது. பயப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத இடம். எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நான் எதற்காக என் கண்ணை நானே அழித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் குடும்பத்தின் நன்மைக்குத்தான்.

என் மனைவி ஈஸ்வரி இறால் பொடி செய்கிறாள். பழவேற்காட்டிலிருந்து வரும் காய்ந்த இறாலை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்த பொடி. சிப்காட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் தொடங்கிய வேலை. இப்போது கடைக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். இனிமேல் அச்சடித்த பாக்கெட்டில்தான் பொடி என்று ஒரு நாள் அறிவித்தாள். பாக்கெட் என்றால் லோகோ வேண்டும். பென்சிலை எடுத்து ஒரு இறாலை வரைந்தாள்.

"இறால் பொடிக்கு இறால் படம் போட்டா யாரு வாங்குவா?" என்றேன்.

"இறால் துன்றவன் வாங்குவான்."

"அப்பிடி இல்ல ஈஸ்வரி. ஒரு பொருளுன்னா அதுக்கு ஒரு முகம் வேணும். ஊறுகா பாட்டில பாரு, பல்பொடி டப்பாவ பாரு. மொதலாளி ஃபோட்டோ இருக்கும். மீசையோட. பாத்ததும் ஒரு நம்பிக்கை வரும்."

"மொதலாளி நான்தானே?"

"அதான் சொல்றேன். மீசைக்கு இன்னா பண்ணுவ?"

"இறாலுக்குக் கீதே மீசை. உன்னுதவிட பெருசு."

பேச்சு அங்கே முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அவள் பக்கத்தில்தான் முடியும். ஆனால் எனக்குள் ஒரு தீர்மானம் பிறந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் டீ குடிக்கப் போனால் என்னை அன்புசெல்வன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. "பொடிக்காரம்மா ஊட்டுக்காரரு வந்துகீறாரு, டீ போடு" என்கிறார்கள். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே ஒரு முகமும் இருக்கிறது. அந்த முகம் ஒரு நாள் எல்லாக் கடையிலும் தொங்கும். அப்போது நான் யார் என்று கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

"படத்த பாக்கெட்காரருக்குத் தோதா கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுக்கணும். அது பெரிய பேஜாரு. உன்னால ஆவாது. எங்கிட்ட வுடு" என்றேன்.

ஈஸ்வரி என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், அந்தப் பார்வை.

"செய்யி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்த வேலையையும் இவ்வளவு சுலபமாக என்னிடம் விட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டுவிட்டேன்.

இறால் படத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். என் ஃபோட்டோவைத் தேடினேன். கல்யாண ஃபோட்டோவில் ஈஸ்வரியின் மாலை என் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. முதலாளி மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலையில் சேர்ந்தபோது கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது. நேராகப் பார்க்கிறேன். சிரிக்கவில்லை. யாரோ இப்போதுதான் திட்டிவிட்டுப் போனது போன்ற ஒரு கம்பீரம்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பாக்கெட், ஸ்டிக்கர், பேனர் எல்லாம் அச்சடிப்பவர் ஜெயராஜ். அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"இது ஆவாதுண்ணா."

"ஏன்? நல்லாத்தானே கீறேன்?"

"நல்லா கீறது வேற. இது ஜே.பி.ஜி. புள்ளி புள்ளியா சேர்ந்த படம். பெருசாக்கினா மூஞ்சி செதறிப்பூடும். எனக்குக் கோடா வேணும். வெக்டார். சி.டி.ஆர். ஃபைலா குடு."

ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஜே.பி.ஜி. என்று இருந்ததை அழித்துவிட்டு சி.டி.ஆர். என்று அடித்து அனுப்பினேன்.

"அண்ணா, தொறக்கவே மாட்டேங்குது. பேர மட்டும் மாத்திகினு வந்து நிக்குது."

ஃபோட்டோவை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினேன்.

"அதே ஃபோட்டோவ உள்ள சொருவி அனுப்பிகிறியேண்ணா. சட்டைய மாத்திகினா ஆளு மாறிடுவாரா? இதுக்குன்னு வெப்சைட்டு கீது. படத்த போட்டா கோடா மாத்திக் குடுக்கும். ரெண்டே கலர். கறுப்பும் செவப்பும். அவ்ளோதான் எங்க மெஷின்ல."

அதற்காகத்தான் அந்தச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நிறம் என்று அந்தத் தளம் கேட்டது. இரண்டு என்றேன். என் கழுத்து ஃபோட்டோவில் பின்னாலிருந்த சுவரோடு கலந்து போய்விட்டது. விவரம் அதிகமா, குறைவா என்று கேட்டு ஒரு பட்டையைக் காட்டியது. இழுத்தேன். கண் போனது. ஓரங்களைச் சீராக்கவா என்றது. ஆம் என்று அழுத்தினேன்.

பல் முளைத்தது.

அந்தப் படத்தில் நான் வாயைத் திறக்கவே இல்லை. சட்டைக் காலரின் வெள்ளை மேலே ஏறி வாய்க்குள் போயிருக்க வேண்டும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பல் பல்லாகவே இருந்தது. மூல ஃபோட்டோவைத் திறந்து பார்த்தேன். அதில் வாய் மூடித்தான் இருந்தது. மூடியிருந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சைரன் ஊதியது. அனுப்பிவிட்டேன்.

ஜெயராஜ் கூப்பிட்டார். "இப்பதாண்ணா சரியா வந்துகீது. சுத்தமான கோடு. எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாது." கொஞ்சம் நிறுத்தினார். "யாருண்ணா இது?"

"நான்தான்."

அவர் கடையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"பாக்கெட்ல இததான் போடணும். ஈஸ்வரிகிட்ட சொல்லாதீங்க. பாத்து ஆச்சரியப்படட்டும்" என்றேன்.

"சரிண்ணா" என்று வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து, காலை ஷிஃப்டுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கம்பி ஏற்றிய லாரி. அதன் பின்பக்கத்தில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், நான் இருந்தேன்.

கறுப்பு முகம். சிவப்பு மீசை. கண் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வெறும் வெள்ளை. லாரி குலுங்கும்போதெல்லாம் தலையாட்டினேன். நான் வேகத்தைக் குறைத்தேன். லாரியும் குறைத்தது. ஒரே முறுக்காக முறுக்கி அதைத் தாண்டிப் போனேன். போன நிம்மதியில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வந்த வேறொரு லாரியின் நெற்றியில் நான் வந்துகொண்டிருந்தேன்.

அன்று ஸ்டோரில் பேரிங் கேட்டவனுக்கு போல்ட் எடுத்துக் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது சாலை வழியாக வரவில்லை. நெல் வயல்களுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் வந்தேன். அங்கே லாரி வராது. வெயில் இன்னும் இறங்கவில்லை. வயலின் மூலையில் யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள். சுவர் எழும்பவில்லை, தூண்கள் மட்டும் நின்றன. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் திருஷ்டி பொம்மை ஒன்றைக் கட்டி வைப்பார்கள். வைக்கோல் திணித்த சட்டை, பானைத் தலை, நீட்டிய நாக்கு. பொம்மை இல்லை. முன் தூணில் என் முகம் ஒட்டியிருந்தது.

வண்டியை நிறுத்தினேன். சுற்றிலும் ஆள் இல்லை. காற்றில் நெல் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. தூணிலிருந்து விலகி, அந்தப் பக்கமாகச் சாய்ந்தது போல் எனக்குத் தோன்றியது.

"யாரு?" என்று கேட்டேன்.

என் முகத்திடம் நானே கேட்ட கேள்வி அது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஈஸ்வரியிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவளுடைய இறாலைப் பூட்டி வைத்துவிட்டு என் மீசையைப் பாக்கெட்டில் ஏற்றியது வெளியே வந்துவிடும். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"யக்கா, இல்லாத மூஞ்சி ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சா இன்னா அர்த்தம்?"

"யாரு மூஞ்சி?"

"தெரிஞ்சவரு மூஞ்சிதான்."

"செத்தவரா?"

"இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சி உயிரோடதான் கீறாரு."

"அப்ப அவருக்கு ஏதோ ஆவப்போவுது. நான் ஜெபம் பண்றேன். பேரு இன்னா?"

பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ ஆகப்போகிறது என்பது மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. சோறு இறங்கவில்லை. ஈஸ்வரி இன்னொரு கரண்டி பொடி போட்டாள்.

"இளைச்சிட்டியேய்யா" என்றாள். அவள் குரலில் இருந்தது கவலை என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் கம்பெனி கேட்டில் நடந்ததை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் கேட்டில் வருகைப்பதிவு மெஷின் இருக்கிறது. முகத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும். பிறகுதான் கம்பி திறக்கும். அன்று கொஞ்சம் தாமதம். ஓடி வந்து முகத்தைக் காட்டினேன்.

"அன்புசெல்வன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்றது மெஷின்.

மறுபடி காட்டினேன். மறுபடியும் அதே பதில். அதே பெண் குரல். அலுப்போ கோபமோ இல்லாத குரல்.

கேட்டில் காவலுக்கு இருக்கும் கலியன் எட்டிப் பார்த்தார். "செல்வமா? நீ அப்பவே உள்ள போய்ட்டியே நைனா. மெஷின் உன் பேர சொல்லி வணக்கம் வெச்சுதே. என் காதால கேட்டேன்."

"நான் இப்பதான் வரேன்."

"அப்ப உள்ள போனது யாரு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கலியன் முதலில் பார்வையை எடுத்துக்கொண்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். முற்றத்தில் ஒரு லாரி நின்றது. சரக்கு இறக்குவதற்காகப் பின்னோக்கி வந்து, மெஷினுக்குப் பின்பக்கத்தைக் காட்டி, உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது. அதன் நடுவில் நான். மெஷினுக்கு என் அடையாள அட்டை ஃபோட்டோவைத்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அது தன் ஆளைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. நான் தாமதம். அவன் சரியான நேரத்துக்கு வந்திருந்தான்.

கலியன் பெரிய மனது பண்ணிப் பக்கத்துச் சிறிய கதவைத் திறந்துவிட்டார். நேராக அந்த டிரைவரிடம் போனேன். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாண்ணா?"

"திருஷ்டி ஸ்டிக்கரு. செம்ம பவரு. இத ஒட்னதுல இருந்து பின்னால வர்ற வண்டி எல்லாம் தள்ளியே வருதுங்க. இடிக்கறதே இல்ல. இதுக்கு முன்னால கொம்பு வெச்ச பூதம் ஒண்ணு ஒட்டியிருந்தேன். சும்மா. இதும் பக்கத்துல அது கொழந்த."

"எங்க கிடைக்குது?"

"ஆரம்பாக்கத்துல ஒரு பொடிக்காரம்மா. பெரிய பாக்கெட்டு வாங்கினா இது ஒண்ணு சும்மா தராங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றாக, நேராகப் பார்த்தார். என் இரண்டு கண்களும் அவருக்கு முன்னால்தான் இருந்தன. "உனுக்கு ஒண்ணு வேணுமாண்ணா? எங்கிட்ட இன்னொண்ணு எச்சா கீது."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது ஈஸ்வரி பாக்கெட்டுகளில் பொடி நிரப்பிக்கொண்டிருந்தாள். பளபளவென்று புதுப் பாக்கெட். அதில் இறால். வளைந்த முதுகும் நீண்ட மீசையுமாக, பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்தது.

"இன்னாய்யா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள்.

"அதத்தான் கேக்க வந்தேன். என் மூஞ்சிய இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? எல்லாம் நீ பண்ணதுதான். ஜெயராஜ் தம்பி எனக்கு அனுப்பிட்டு, 'அக்கா, இத பாக்கெட்ல போட்டா கொழந்தைங்க சோறு துன்னாது, இன்னா பண்றது'ன்னு கேட்டுச்சு."

"சொல்லமாட்டேன்னு சொன்னாரே!"

"ஆர்டரு யார் பேர்ல கீது?"

அவள் ஒரு பாக்கெட்டின் வாயைச் சீல் போடும் மெஷினில் வைத்து அழுத்தினாள். புகை வந்தது.

"இறால் படத்த நான் பூட்டிதானே வெச்சிருந்தேன்?"

"பேப்பரதானே பூட்டின? அந்தத் தம்பி கடையில போய் ஒக்காந்து இன்னொண்ணு வரைஞ்சேன். தம்பி அதும் மேல மவுஸ வெச்சிகினு கோடு இழுத்துச்சு. ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. நீ ஃபைலுக்குப் பேரு மாத்திகினு இருந்தியே, அப்ப."

"அப்ப எங்கிட்ட எதுக்கு செய்யின்னு சொன்ன?"

"ஊட்ல சும்மா இருந்தா பக்கத்துல நின்னுகினு காரம் அதிகம், உப்பு கம்மின்னுவ. கையில ஒரு வேலை இருந்தா நீயும் நல்லா இருப்ப, பொடியும் நல்லா இருக்கும்."

அடுத்த பாக்கெட்டை எடுத்தாள். "ஒரு லாரிக்காரரு பொடி வாங்க வந்தாரு. என் ஃபோன்ல உன் படம் தொறந்தாப்ல கிடந்துச்சு. பாத்துட்டு ரெண்டடி பின்னால போய்ட்டாரு. அப்பறம் இன்னொரு வாட்டி காட்டுங்கன்னாரு. அப்பதான் எனக்குத் தோணுச்சு."

"ஊரே என்ன பாத்து மெரளுது ஈஸ்வரி."

"எல்லாரும் உன்ன பாக்கணும்னுதானேய்யா ஆசப்பட்ட?"

உண்மைதான். அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அது நான்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லலைய்யா" என்றாள். "சொன்னா பவரு போய்டும்."

ஆரோக்கியமேரி அக்கா வாசலில் வந்து நின்று, "ஈஸ்வரி, எம்பொண்ணு ஊட்டுக்கு ஒண்ணு எடுத்து வையி" என்றார். எதை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "அந்தத் தெரிஞ்சவரு எப்பிடி கீறாரு தம்பி?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

"ஞாயித்துக்கெழம சோழவரத்துல ஒரு கிரகப்பிரவேசம்" என்றாள் ஈஸ்வரி. "மாடி வெச்ச ஊடு. ஆளுயரத்துக்கு ஒண்ணு கேட்டுகிறாங்க. நீயும் வா. சுருள் கனமா கீது, பிடிக்க ஆள் வேணும்."

போனேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சுருளைப் பிடிப்பதற்காக மட்டும் போகவில்லை. லாரி டிரைவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில் கவனிக்கவில்லை. மெஷின் ஒரு மெஷின். ஆனால் ஒரு விசேஷ வீட்டில், நல்ல வெளிச்சத்தில், படமும் ஆளும் அடுத்தடுத்து நின்றால் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இதையும் அதையும் பார்த்து, "அட" என்று சொல்லாமலா போவார்?

காலை வெயிலில் புதுச் சுண்ணாம்பு கண்ணைக் கூசவைத்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று. வாசலுக்கு வலது பக்கத்துச் சுவரில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒட்டினோம். ஜெயராஜ் சொன்னது சரிதான். எவ்வளவு பெரிதாக்கியும் உடையவில்லை. அந்த உயரத்தில் அவனுடைய பற்கள் என் கை அளவு இருந்தன. கீழே நின்று பார்த்தபோது, இவனிடமிருந்து வெட்டி எடுத்துச் சின்னதாக்கிச் செய்த நகல்தான் நானோ என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே போய்விட்டது. முழுதாகப் போகவில்லை.

ஈஸ்வரி பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நேராகப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் அதே கம்பீரத்தை முகத்தில் வரவழைத்துப் பிடித்து வைத்திருந்தேன்.

விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். வந்த ஒவ்வொருவரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள். உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு வயதானவர் என் பக்கமாகத் திரும்பினார். இன்னும் நிமிர்ந்து நின்றேன். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்.

ஒருவேளை தூரமாக நிற்கிறேனோ என்று இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றேன். தோளும் தோளும் தொடுகிற மாதிரி.

வீட்டுக்காரர் ஆரத்தித் தட்டுடன் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அண்ணா" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன். ஏரிக் காற்று ஒரு முறை வேகமாக அடித்தது. மீசையின் நுனி சுவரை விட்டு எழும்பிப் படபடத்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.